கணக்குக் கேட்பது குற்றமா?

தோழர்களே,

மின்சாரம் நுழைந்த வீட்டைவிட்டு இருள் வெளியேறும் என்றார்கள்; வெளியேறிற்று. ஆயின், இரண்டு திங்களுக்கு ஒருமுறை அதே வீட்டிற்குள் நுழைகின்ற ஓர் எண், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வீட்டாரின் முகத்தில் இருளைப் பூசிவிட்டுப் போகிறது. ஆயிரம் ரூபாய் கட்டிவந்த குடும்பம். அதே அறைகள், அதே விசிறிகள், அதே ஆட்கள். புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. விருந்தினர் எவரும் வந்து தங்கவில்லை. எனினும், கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி ஏழாயிரத்து நானூறு ரூபாய் என்கிறது. கட்டவேண்டிய கடைசி நாள் அதிலே இருக்கிறது. ஏன் இவ்வளவு என்பதற்கு விளக்கம் மட்டும் இல்லை.

எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படும் குடும்பம் இது. எனினும், இப்படி ஒரு குடும்பத்தைத் தம் தெருவிலே கண்டதில்லை என்று கூறக்கூடிய தோழர் எவரேனும் இருப்பாரா? இருக்கமாட்டார்.

அந்தக் குடும்பம் என்ன செய்கிறது? முதலில் ஒருவரையொருவர் நோகிறது. இரவெல்லாம் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கினாய் என்று தாய் மகனைக் கடிகிறாள். தொலைக்காட்சியை அணைப்பதேயில்லை என்று கணவன் மனைவியைக் குறைகூறுகிறான். பிறகு, காதிலே கிடந்தது அடகுக் கடைக்குப் போகிறது. தொகை கட்டப்படுகிறது. கணக்குச் சரிதானா என்று கேட்க எண்ணியவர்கூட, "சர்க்கார் கணக்கு, அதில் தப்பு இருக்குமா?" என்ற ஒரு சொல்லிலே அடங்கிப்போகிறார். பணம் போனது பெரிதன்று, தோழர்களே! கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்ற எண்ணமே போய்விடுகிறதே, அதுதான் பெரிது. கடையிலே கால் கிலோ பருப்பு வாங்கினாலும் தராசின் முள்ளைப் பார்க்கின்ற அதே தாய், மின்சார அளவியின் எண்ணை மட்டும் ஏறிட்டுப் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறாளே, ஏன்? தராசுக்கு ஒரு நீதி, மீட்டருக்கு ஒரு நீதியா?

இந்த வாரம் நாம் கூறவந்த செய்தி இதுதான். மின்கட்டணப் பட்டியல் ஒரு கோரிக்கை. விற்றவர் வாங்கியவரிடம் வைக்கும் கோரிக்கை. அது தீர்ப்பு அன்று. கோரிக்கைக்கு ஆதாரம் கேட்கலாம், மறுப்புத் தெரிவிக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். இவையெல்லாம் நாம் ஆசைப்பட்டுக் கூறுவன அல்ல. நாட்டின் சட்டமே கூறுவன. அந்தச் சட்டம் ஏட்டிலே இருக்கிறது. ஏழையின் கையிலே இல்லை. ஏட்டிலிருந்து கைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை எவருடையது? நம்முடையது.

கேள்வி புதிதன்று

அளவியைப் பற்றி ஐயம் எழுப்புவது ஏதோ இக்காலத்து அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணுவோர் உண்டு. வெள்ளையர் ஆட்சியிலே, 1910-ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட இந்திய மின்சாரச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். மீட்டர் சரியா தவறா என்று விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வழக்கு எழுமானால், இருவரில் எவர் விண்ணப்பித்தாலும் மின் ஆய்வாளர் அதனைத் தீர்க்கவேண்டும் என்று அதன் 26-ஆம் பிரிவு கூறிற்று. அதாவது, மின்சாரம் என்பது மாளிகைகளுக்கும் ஆலைகளுக்கும் மட்டுமே எட்டிய காலத்திலேயே, விற்பவன் சொல்லே வேதம் ஆகாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. மாளிகைக்காரனுக்கு அன்று கிடைத்த உரிமை, குடிசைக்காரனுக்கு இன்று தெரியாமல் இருக்கலாமா?

1930-களில் பைக்காராவும் மேட்டூரும் தந்த மின்சாரம் ஊர் ஊராய்ப் பரவிற்று. 1957 சூலை முதல் நாளன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. வாரியம் 2010-இல் நிறுவனங்களாக உருமாறிற்று. 2024-இல் மீண்டும் பிரிந்து, பகிர்மானத்திற்கெனத் தனி நிறுவனம் நிற்கிறது. பெயர்ப்பலகைகள் மாறின. பணம் கட்டும் குடிமகன் மாறவில்லை. அவனுடைய ஐயமும் மாறவில்லை.

1972-இல் கொங்கு நாட்டு உழவர்கள் மின்கட்டண உயர்வை எதிர்த்து மாட்டுவண்டிகளை ஓட்டிக்கொண்டு கோவை நகருக்குள் வந்தார்கள். வண்டிகளால் நகரத் தெருக்கள் அடைபட்டன. அவர்கள் பலராய் வந்தார்கள். ஆதலால் அவர்கள் குரல் கேட்டது. வீட்டுக்கு வரும் கட்டணப் பட்டியலோ தனித்தனி வீட்டுக்கு வருகிறது. அது தனியாளைத் தாக்குகிறது, தனியாள் தலைகுனிகிறான். கூட்டமாய்க் கேட்டால் கோரிக்கை. ஒருவனாய்க் கேட்டால் குறும்பு என்று எண்ணப்படுகிறதே, இந்த நிலையைத்தான் மாற்றவேண்டும் என்கிறோம்.

தொகை எப்படி ஏறுகிறது?

வழக்காடுமுன் வழக்கை அறியவேண்டும். எதிர்பாராத தொகை வரும் வழிகள் மூன்று. மூன்றையும் பிரித்தறியாமல் கூச்சலிட்டால், உண்மையான குறையும் கூச்சலிலே புதைந்துபோகும்.

முதல் வழி, உண்மையாகவே மின்சாரம் செலவாகியிருப்பது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஓராயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் விசிறி ஒன்று இரவு பகலாக 60 நாள் சுழன்றால் 108 யூனிட். 1,500 வாட் குளிர்சாதனக் கருவி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓயாது இயங்கினால் 12 யூனிட். 60 நாளில் 720 யூனிட். இடையிடையே நின்று இயங்குவதால் இது குறையலாம், ஆயினும் மிகையே. ஒரு குதிரைத்திறன் கொண்ட கிணற்று மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். கோடையிலே நிலத்தடி நீர் கீழே இறங்கினால், அதே தொட்டியை நிரப்ப மோட்டார் இருமடங்கு நேரம் ஓடும். வீட்டார் ஒன்றையும் மாற்றவில்லை. மண்ணுக்குள் நீர்மட்டம் மாறிவிட்டது. இவ்வகையில் வந்த தொகைக்கு மீட்டரைக் குறைகூறிப் பயனில்லை.

இரண்டாவது வழி, கட்டண அடுக்கும் கணக்கெடுக்கும் நாளும் சேர்ந்து செய்யும் வித்தை. இதுதான் பலருக்கும் புரியாதது. 2022 செப்டம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். வீதங்கள் அதன்பின் மாறியுள்ளன; எனினும், அடுக்கு முறை எப்படி வேலைசெய்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. இரண்டு திங்களில் 500 யூனிட்டுக்குள் நின்றவருக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த 200-க்கு 4 ரூபாய் 50 காசு. கடைசி 100-க்கு 6 ரூபாய். ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனதோ, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை பறிபோயிற்று. 500-க்கு மேற்பட்டதற்கு 8 ரூபாய் வீதம். மொத்தம் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பொன்னை உருக்கி ஊற்றியா அந்த ஒரு யூனிட்டைச் செய்தார்கள்?

இத்துடன் நாளையும் சேர்த்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 8 யூனிட் செலவாகும் வீடு. 60-ஆம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட். அந்தப் பட்டியலின்படி 1,605 ரூபாய். கணக்கீட்டாளர் ஐந்து நாள் பிந்தி வந்தார் எனில் 520 யூனிட், 2,110 ரூபாய். அடுத்த முறை அவர் உரிய நாளில் வந்தால் 55 நாளுக்கு 440 யூனிட், 1,365 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,475. உரிய நாளிலேயே இருமுறையும் எடுத்திருந்தால் 3,210. ஒரு யூனிட்கூட அதிகம் செலவழிக்காத வீட்டின் பையிலிருந்து 265 ரூபாய் போயிற்று. திருடியவர் எவருமிலர், ஆனாலும் பறிபோயிற்று! நாட்காட்டி செய்த பிழைக்கு நுகர்வோர் தண்டம் கட்டினார்.

2020-இல் நோய்த்தொற்று ஊரடங்கின்போது இந்தச் சிக்கலை நாடே கண்டது. கணக்கெடுக்க ஆள் வர இயலவில்லை. முந்தைய தொகையையே கட்டுங்கள் என்றார்கள். பின்னர் நான்கு திங்களின் யூனிட்டுகளை ஒருங்கே எடுத்து இரண்டாகப் பகுத்தார்கள். வருவாய் அற்றுக் கிடந்த வீடுகளில் அந்தத் தொகை இடியென விழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கணக்கிட்ட முறையை நீதிமன்றம் ஏற்றது. முறை சட்டப்படி சரி என்றாயிற்று. ஆயினும், அந்த முறையை முன்கூட்டியே மக்களுக்குப் புரியும் மொழியிலே விளக்கியிருந்தால் அத்தனை கலக்கம் எழுந்திருக்குமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் நிற்கிறது.

மூன்றாவது வழி, பிழை. எண்ணைத் தவறாகக் குறித்த பிழை. பக்கத்து வீட்டு மீட்டரின் எண் நம் கணக்கில் ஏறிய பிழை. பழைய மீட்டரை மாற்றும்போது இறுதி எண்ணைப் பதியாத பிழை. வீட்டு இணைப்பை வணிக இணைப்பாகக் குறித்த பிழை. மீட்டரே பழுதான பிழை. சுவருக்குள் ஓடும் கம்பியிலே மின்கசிவு. இவற்றுள் எது என்று கண்டறிய வீட்டிலேயே சில சோதனைகள் உண்டு. பட்டியலிலுள்ள மீட்டர் எண்ணும் மீட்டரின் மேலுள்ள எண்ணும் ஒன்றா? பட்டியலிலுள்ள கணக்கைவிட மீட்டர் காட்டும் கணக்கு இன்று குறைவாக இருக்கிறதா? இருந்தால் பிழை அங்கேயே வெளிப்பட்டது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள், விட்டுவிட்டு மின்னுகிறதா? மின்னினால் எங்கோ கசிவு உண்டு, அல்லது நாம் அறியாத ஏதோ ஒன்று இயங்குகிறது. மெயின் சுவிட்சையும் அணைத்தபின் மின்னுகிறதா? மீட்டரிலோ, மீட்டருக்கும் மெயினுக்கும் இடையிலோ கோளாறு உண்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் பத்து மணி நேரம் எரியவிட்டால் ஒரு யூனிட் ஓடவேண்டும். இரண்டு ஓடினால் அளவியை நம்பமுடியாது. ஆனால் ஒன்று: மீட்டரின் முத்திரையை எவரும் தொடவேண்டா. கேள்வி கேட்கப் போனவரைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்திவிடும் செயல் அது.

சட்டம் தரும் கேடயம்

"கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் ப்யூஸைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவார்களே!" இந்த அச்சம்தான் ஆயிரமாயிரம் வாய்களை மூடிவைத்திருக்கிறது. பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடு. மூச்சுத்திணறலுக்கு மருந்துக்கருவி வைத்திருக்கும் முதியவர் இருக்கும் வீடு. இந்த வீடுகளிடம் போய், துணிந்து நில்லுங்கள் என்று வெறும் வாய்ச்சொல் வீசினால் போதுமா? போதாது. அவர்களுக்குக் கேடயம் வேண்டும். கேடயம் இருக்கிறது.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தொகை கட்டாததற்காக இணைப்பைத் துண்டிக்கவேண்டுமானால், எழுத்து மூலமாக, முழுதாக 15 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பது அதன் முதற்கூறு. அதைவிடப் பெரிது அதன் விலக்கு. தொகையைப் பற்றி வழக்கு இருக்குமானால், கேட்கப்பட்ட முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு திங்களில் கட்டிய கட்டணத்தின் சராசரிப்படி வரும் தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதனை எதிர்ப்பைத் தெரிவித்துக் கட்டிவிட்டால், வழக்குத் தீரும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது!

நம் குடும்பத்திற்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். முந்தைய மூன்று தவணைகளில் 900, 1,000, 1,100 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். ஆறு திங்களுக்கு 3,000, திங்களுக்கு 500. ஆக, இரண்டு திங்களுக்கு 1,000 ரூபாய். கேட்கப்படுவதோ 7,400. எழுத்து மூலம் மறுப்புத் தந்து, "எதிர்ப்புடன் செலுத்தப்படுகிறது" என்ற குறிப்போடு 1,000 ரூபாயைக் கட்டினால் கேடயம் கைக்கு வந்தது. காதணி காதிலேயே இருக்கலாம். ஒரு பிரிவின் ஒரு விலக்கு எத்தனை வீடுகளைக் காக்கக்கூடும்! எத்தனை வீடுகள் இதை அறியும்?

அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பழைய பாக்கிக்கு எல்லை வகுக்கிறது. தொகை முதன்முதலில் செலுத்தவேண்டியதாகி, தொடர்ந்து பாக்கியென்று காட்டப்படாமல் இரண்டாண்டு கடந்துவிட்டால், அந்தப் பிரிவின்படி அதை வசூலிக்க இயலாது. பிழையால் விடுபட்ட தொகையைக் கண்டுபிடித்தபின் கேட்கலாம், ஆனால் காலம் கடந்த அத்தகைய தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை ஏந்த முடியாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று.

2020-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நடுவண் அரசு வெளியிட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இன்னும் சில படிகளைக் கட்டியுள்ளன. செலவுக்கும் மீட்டர் கணக்குக்கும் பொருத்தமில்லை என்று முறையிட்டால், 30 நாளுக்குள் மீட்டரைச் சோதிக்கவேண்டும். ஆளே வராமல் உத்தேசமாகப் போடும் பட்டியல், ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் கூடாது. 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம் மேலும் ஒரு படி சென்றது: கணக்கைப் பற்றி முறையீடு வந்தால் ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று திங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தராசை மறு தராசால் சோதிப்பது! நம் சந்தைக்கடைப் பாட்டிகள் காலங்காலமாய்ச் செய்துவருவது இதுதானே? அதைச் சட்டம் இப்போது எழுதியிருக்கிறது.

படிப்படியாய்ச் செல்லும் பாதை

முறையிடும் வழியும் தெளிவாகவே இருக்கிறது. முதலில் பிரிவு அலுவலகம். அங்குள்ள உதவி மின் பொறியாளருக்கு ஒரு மனு. 2021-இல் தொடங்கப்பட்ட மின்னகத்திற்குத் தொலைபேசியில் சொல்வதும் நன்றே. ஆயினும் காற்றிலே சொன்னது காற்றோடு போகும், தாளிலே எழுதியது தங்கும். மனுவிலே மின் இணைப்பு எண், மீட்டர் எண், கடைசி ஆறு தவணைகளின் யூனிட்டும் தொகையும், இன்று மீட்டர் காட்டும் எண், நாளிட்ட புகைப்படம் ஆகியவை இருக்கட்டும். கேட்பது என்ன என்று ஒரே வரியில் இருக்கட்டும்: மீட்டரைச் சோதிக்கவும், அல்லது கணக்கைத் திருத்தவும். வசையும் வேண்டா, கெஞ்சலும் வேண்டா. இரண்டு படி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் நாளும் பெற்று வாருங்கள். அந்த முத்திரைதான் நாளைய சான்று.

அங்கே தீராவிடில், சட்டத்தின் 42-ஆம் பிரிவு அமைத்த மின்நுகர்வோர் குறைதீர் மன்றம். அங்கும் தீராவிடில், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்தும் மின் குறைதீர்ப்பாளர். ஆனால் ஒன்றை வேறுபடுத்தி அறியவேண்டும். முறைகேடாக மின்சாரம் பயன்படுத்தியதாகக் கூறி 126-ஆம் பிரிவின்கீழ் தொகை விதித்தால், அதன் பாதை வேறு. இறுதி ஆணை வந்த 30 நாளுக்குள், விதித்த தொகையில் பாதியைக் கட்டி, 127-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யவேண்டும். இதை அறியாமல் தவறான வாயிலிலே காத்திருந்து நாளைத் தொலைத்துவிடக் கூடாது.

வாடகை வீட்டாரை மறந்துவிடலாகாது. இணைப்பு உரிமையாளர் பெயரில். வெளிச்சம் குடியிருப்பவர் வீட்டில். அவர் கையிலே அட்டையுமில்லை, பட்டியலுமில்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொன்ன கணக்கே கணக்கு. சட்டமோ, தன் பயன்பாட்டுக்கு மின்சாரம் பெறுகின்றவரையே நுகர்வோர் என்று தொடங்குகிறது. பட்டா வைத்திருப்பவர் என்று தொடங்கவில்லை. குடியிருப்பவர் தம் மீட்டரின் எண்ணைத் தாமே இரு திங்களுக்கு ஒருமுறை குறித்துவைக்கட்டும். உரிமைக்கு முதற்படி குறிப்பு.

மறுப்போர்க்கு மறுமொழி

"எல்லோரும் மறுப்பு எழுதத் தொடங்கினால் மின்நிறுவனம் என்னாவது? ஏற்கெனவே கடனில் அல்லவா கிடக்கிறது?" என்பார்கள். கடன் இருக்கிறது; இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால் பொதுநிறுவனத்தின் கடனைத் தீர்க்கும் வழி, தவறான பட்டியலைத் தட்டிக்கேளாமல் கட்டுவதா? சரியான கணக்குக்குச் சரியான பணம் வந்தால் நிறுவனம் வாழும். தவறான கணக்குக்கு அஞ்சிய பணம் வந்தால், மக்களின் நம்பிக்கை சாகும். நம்பிக்கை இழந்த பொதுநிறுவனத்தைத் தனியாருக்கு விற்றுவிடு என்று ஒரு கூட்டம் காத்திருக்கிறது என்பதையும் மறவாதீர். பொதுத்துறையைக் காக்க விரும்புவோர், அதன் கணக்கு நேராக இருக்கவேண்டும் என்று கேட்பதிலே முதலாவதாக நிற்கவேண்டியவர்கள்.

"ஊழியர்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை" என்று மற்றொரு சாரார் கிளம்புவர். அவர்களோடும் நாம் சேரமாட்டோம். வெயிலிலே தெருத்தெருவாய் அலைந்து, நாயும் பூட்டிய கதவும் எதிர்கொண்டு கணக்கெடுப்பவர் நம் வீட்டுப் பிள்ளைதான். நிரப்பப்படாத இடங்களின் வேலையையும் அவரே சுமக்கிறார். ஐந்து நாள் பிந்தியது அவர் சோம்பலாலா, ஆள் பற்றாக்குறையாலா என்று கேளுங்கள். நம் மறுப்பு கணக்கின் மீது. கணக்கெடுத்தவர் மீது அன்று. பிரிவு அலுவலகத்துக்குச் செல்லும் தோழர் குரலை உயர்த்தினால், கேள்வி தோற்றுவிட்டது என்று பொருள்.

மூன்றாவதாக ஒன்று, இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். மீட்டர் சரியாக இருக்கும் வீடுகளும் பல. சோதித்தபின் கணக்குச் சரி என்று தெரிந்தால், ஆம் சரி, கட்டுங்கள் என்று சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும். தவணை கேட்டுப் பெற்றுத் தருவதும் உதவியே. எல்லாப் பட்டியலும் பொய் என்று மேடையிலே முழங்குவது எளிது. ஒரு பட்டியலைப் பொய்யென்று மெய்ப்பிப்பது அரிது. நமக்குத் தேவை இரண்டாவது.

நாம் கேட்பவை

தனித்தனி வீட்டுக்குத் தனித்தனி மனு போதும். ஆனால் முறையிலுள்ள குறைக்கு முறையே மாறவேண்டும். கணக்கெடுப்பு உரிய நாளிலிருந்து பிந்தினால், அடுக்கின் எல்லையையும் நாள் விகிதத்திற்கு நீட்டவேண்டும். 65 நாள் கணக்குக்கு 60 நாள் எல்லையைப் பொருத்துவது அறமாகாது. முந்தைய தவணைகளைவிடத் தொகை பன்மடங்கு ஏறினால், பட்டியல் வெளிவருமுன் அலுவலகமே அதை மறுபடி பார்க்கவேண்டும். எதிர்ப்புடன் சராசரியைக் கட்டலாம் என்ற உரிமை, ஒவ்வொரு பட்டியலிலும் தமிழிலே, படிக்கக்கூடிய எழுத்திலே அச்சாகவேண்டும். குறைதீர் மன்றத்தின் தலைமையிடத்திலே மின்நிறுவனத்தின் அலுவலரே அமர்வது என்ன நீதி? தராசைப் பிடித்தவனே தீர்ப்பும் கூறுவதா? அந்த இடத்தில் இருபக்கமும் சாராத ஒருவர் அமரவேண்டும்.

இவை வரும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் நம் படிப்பகம் இருக்கிறது. அங்கே மாலையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கட்டுத் தாள். கணக்கு அறிந்த இளைஞர் ஒருவர். அழகாக எழுதத் தெரிந்த மாணவி ஒருத்தி. பட்டியலோடு வருகின்றவர் எந்தக் கட்சிக்காரர் என்று கேளாதீர். எந்தச் சாதியினர் என்று கேளாதீர். மீட்டரின் எண் என்ன என்று மட்டும் கேளுங்கள். கூட்டல் கழித்தலைப் போட்டுக் காட்டுங்கள். மனு எழுதித் தாருங்கள்; அலுவலகம் வரை உடன் செல்லுங்கள்; முத்திரையிட்ட படியை அந்தத் தாயின் கையிலே கொடுங்கள். பத்துப் பொதுக்கூட்டம் பேசிப் பெறமுடியாத நம்பிக்கை அந்த ஒரு தாளிலே கிடைக்கும்.

பணம் குறையுமா, குறையாதா என்பது சோதனையின் முடிவிலே தெரியும். ஆனால், கணக்குக் கேட்டேன். கேட்டதற்காக என்னை எவரும் தண்டிக்கவில்லை. எனக்கு விடை சொல்லியாகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதை ஒருமுறை அறிந்த குடிமகன், இனி நியாயவிலைக் கடையிலும் கேட்பான், வருவாய் அலுவலகத்திலும் கேட்பான், நாளை நம்மிடமும் கேட்பான். கேட்கட்டும்! கேட்கத் தெரிந்த மக்களுக்குப் பதில்சொல்ல அஞ்சுகின்ற இயக்கம் மக்கள் இயக்கமாகாது.

மேசையைப் போடுங்கள், தோழர்களே. மாலை மயங்குமுன் முதல் பட்டியல் வந்து சேரும்.